தறியா, பட்டறையா, மில்லா, மலையா? உடம்பையும் சேர்த்து ஒரு கணக்கு

சேலம் கொண்டலாம்பட்டித் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். வயது 24, ஐ.டி.ஐ. ஃபிட்டர் படித்தவர், போன ஆவணியில்தான் கல்யாணம் ஆகியிருக்கிறது. இப்போது கூலிக்குத் தறி ஓட்டுகிறார். மாமனார் வீட்டில் வெள்ளிப் பட்டறைக்கு வரச்சொல்கிறார்கள், கூடப் படித்தவன் மில்லில் ஆள் எடுக்கிறார்கள் என்கிறான், இன்னொருவன் பைக்கும் போனும் இருந்தால் போதும், சாப்பாடு டெலிவரிக்கு வந்துவிடு, முதலாளியே கிடையாது என்கிறான். "எதுலண்ணா காசு அதிகம் நிக்கும்?" இதுதான் அவர் கேள்வி. அதே வாரத்தில் ஏற்காட்டுக்காரர் ஒருவர், எஸ்டேட்டை விட்டுவிட்டுக் கீழே இறங்கிவிடலாமா என்று கேட்டார். ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர், காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு நிற்கவே முடியவில்லை, வேறு எதற்குப் போகலாம் என்று கேட்டார்.

தனித்தனியாகப் பதில் எழுத ஆரம்பித்தேன். மூன்று பதிலும் ஒரே இடத்தில் போய் முட்டியதால் சேர்த்தே எழுதிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. தறிக்காரர் மகன், பிழைப்புக்கு ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் மற்றவர்களுடைய பி.எஃப். (சேமநிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) கணக்குகளைப் போடுகிறவன். அதனால் சம்பளச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதும் தெரியும், அதில் எழுதாதது யார் வீட்டில் போய் இறங்குகிறது என்பதும் ஓரளவு தெரியும்.

## எதை வைத்து எடை போடுவது

சம்பளத்தைக் கடைசியில் வைத்துக்கொள்வோம். அதற்கு முன்னால் நான்கு கேள்விகள்.

முதலாவது, நிறுத்த முடியுமா? உடம்பு போதும் என்று சொல்கிற அன்றைக்கு, யாரிடமும் கெஞ்சாமல், மறுநாள் வேலை போகாமல், கை எடுக்க முடியுமா? இதை நான் முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. 1967இல் லண்டனில் அரசு ஊழியர்களை வைத்து ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கினார்கள். தூசி கிடையாது, அமிலம் கிடையாது, எல்லாருக்கும் மேசை நாற்காலி, நிலையான சம்பளம். அப்படியும் அடிமட்ட ஊழியர்களின் இறப்பு விகிதம் மேலதிகாரிகளைப் போல மூன்று மடங்காக இருந்தது. பீடி சிகரெட், ரத்தக்கொதிப்பு என்று எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தும் வித்தியாசம் முழுசாகப் போகவில்லை. பின்னால் வந்த ஆய்வுகள் சுட்டிக்காட்டிய ஒரு முக்கியக் காரணம், தன் வேலையின் மேல் தனக்கு எவ்வளவு பிடி இருக்கிறது என்பது. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கே இந்தக் கதி என்றால் தறி மேடையில் நிற்பவருக்கு என்ன என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, போனால் திரும்புமா? இடுப்பு வலி ஓய்வெடுத்தால் குறையும். காது போனால் போனதுதான்.

மூன்றாவது, ஆஸ்பத்திரிச் செலவு யார் தலையில்?

நான்காவது, எத்தனை மணி நேரம், எந்த நேரம்? உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து ஒரு கணக்கு வெளியிட்டன. வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம், மாரடைப்பு வகை நோயில் சாகும் ஆபத்து 17 சதவீதம் அதிகம். நம் ஊரில் 12 மணி நேரம், வாரம் ஆறு நாள் என்பது சர்வ சாதாரணம். பெருக்கிப் பாருங்கள், 72.

## விசைத்தறி

இதைப் பற்றி என்னால் நடுநிலையாக எழுத முடியாது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அப்பா அம்மாப்பேட்டையில் முப்பது வருடத்துக்கு மேல் தறி ஓட்டினார். சாயங்காலம் எங்கள் வீட்டில் சண்டை என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் நினைப்பார்கள். நாங்கள் அவரைச் சாப்பிடத்தான் கூப்பிட்டுக்கொண்டிருப்போம்.

நல்லதை முதலில் சொல்லவேண்டும். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம், மதியம் வீட்டுச் சோறு, கையில் ஒரு தொழில். இளம்பிள்ளை, ஜலகண்டாபுரம், தாரமங்கலம் எங்கே போனாலும் தறி ஓட்டத் தெரிந்தவருக்கு வேலை இருக்கும். சொந்தமாக நாலு தறி வைத்திருந்தால் கதையே வேறு. 2023 முதல் விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் மின்சாரம் இலவசம். முக்கியமாக, காய்ச்சல் வந்தால் சுவிட்சை அணைத்துவிட்டுப் படுக்கலாம்.

கூலிக்கு ஓட்டுபவரால் அது முடியாது. காரணம் முன்பணம். கல்யாணத்துக்கு, பிரசவத்துக்கு, வீட்டு ஓட்டை மாற்றுவதற்கு என்று வாங்கும்போது அது கடன் மாதிரியே தெரியாது, வட்டியும் பெரும்பாலும் கேட்க மாட்டார்கள். ஆனால் அதைக் கட்டி முடிக்கும்வரை வேறு பட்டறைக்குப் போக முடியாது, ராத்திரி முறை வேண்டாம் என்று சொல்ல முடியாது, காதுக்கு அடைப்பான் வாங்கிக் கொடுங்கள் என்றுகூடக் கேட்க வாய் வராது. பீஸ் கணக்கில் கூலி என்பதால், நின்ற ஒவ்வொரு நிமிடமும் கூலியில் போகும். ஆக, முதல் கேள்வியிலேயே தறி தோற்றுவிடுகிறது, தறியால் அல்ல, முன்பணத்தால்.

இரண்டாவது கேள்வியில் சத்தம். எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்பது நம் நாட்டு விதி அனுமதிக்கும் எல்லை. நாடா ஓடுகிற பழைய தறிகள் வரிசையாக இருக்கும் கூடத்தில் 95ஐத் தாண்டுவது சாதாரணம். ஐந்துதானே கூட என்று நினைக்காதீர்கள், டெசிபல் கணக்கில் மூன்று கூடினாலே ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்கு. அதுவும் எட்டு மணி நேரம் அல்ல, பன்னிரண்டு. சத்தத்தால் காது கெடும்போது முதலில் அடிவாங்குவது 4,000 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது கீச்சுக் குரல், குழந்தைப் பேச்சு, ச, த மாதிரி மெல்லிய எழுத்துகள். அதனால்தான் தறிக்காரர்கள் "சத்தம் கேக்குது, என்ன சொல்றேன்னு புரியல" என்பார்கள். காது கேட்கவில்லை என்று ஒத்துக்கொள்ளவே மாட்டார்கள், அப்பா கடைசிவரை நாங்கள்தான் முணுமுணுப்பதாகச் சொன்னார். போன கேள்வி நரம்புக்கு மருந்து கிடையாது. காதில் கழிவுப் பஞ்சைத் திணித்துக்கொள்வது பாதுகாப்பு மாதிரித் தெரியும், உண்மையில் அது தடுப்பது கொஞ்சம்தான். மருந்துக்கடையில் கிடைக்கும் நுரை அடைப்பானை நன்றாக உருட்டி, காது மடலை மேலே இழுத்து, உள்ளே விட்டுப் பிடித்துக்கொண்டால் பலன் உண்டு.

இ.எஸ்.ஐ.? பத்துப் பேருக்குக் கீழே உள்ள பட்டறைக்கு அது பொதுவாகக் கட்டாயம் இல்லை. பத்துக்கு மேல் இருக்கும் பட்டறை காகிதத்தில் மட்டும் இரண்டு பட்டறையாக ஆகிவிடுவதை நானே பார்த்திருக்கிறேன். அப்படி எழுதித் தரச்சொல்லி என் மேசைக்கே வந்தவர்கள் உண்டு.

தறி சரியான முடிவாக இருக்கும் இடம்: சொந்தத் தறி, முன்பணம் இல்லை, ராத்திரி ஓட்டுவதில்லை. இந்த மூன்றும் இருந்தால் மில்லைவிட இது மேல் என்று தயங்காமல் சொல்வேன்.

## வெள்ளிப் பட்டறை

செவ்வாய்ப்பேட்டை, பள்ளப்பட்டி, சிவதாபுரம், பனங்காடு பக்கம் கொலுசு வேலை தெரியாத தெரு குறைவு. சத்தம் இல்லை, நிழலில் வேலை, கைத்திறனுக்கு மரியாதை, நல்ல கைக்காரருக்குக் கூலியும் நன்றாகவே நிற்கும். பெண்கள் வீட்டிலேயே சலங்கை கோத்து, கொக்கி மாட்டிச் சம்பாதிக்கிறார்கள். மாமனார் வீட்டுத் தொழில் என்பதால் கற்றுக்கொடுக்கவும் ஆள் இருக்கிறது. பார்க்க எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

நான் இந்த வேலையில் பயப்படுவது பற்றவைக்கும் இடத்தை மட்டும். கே.டி.எம். நகை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அந்த கே.டி.எம். என்பது கேட்மியம் என்ற உலோகம். பற்றவைக்கும் பொடியில் கேட்மியம் கலந்தால் சீக்கிரம் உருகும், ஒட்டுச் சுத்தமாக விழும், அதனால் கைக்கு வசதி. ஆனால் வெள்ளி உருகுவதற்கு 962 டிகிரி வேண்டும். கேட்மியம் 767 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். ஊதுகுழல் சூட்டில் அது எங்கே போகும், குனிந்து பார்த்துக்கொண்டிருப்பவர் மூக்குக்குத்தான். அன்றைக்கு ஒன்றும் தெரியாது, ராத்திரி காய்ச்சல் மாதிரி, உடம்பு வலி மாதிரி வரும், சளி என்று நினைத்து ஒரு மாத்திரையோடு விட்டுவிடுவோம். ரொம்ப அதிகமாக உள்ளே போனால் நுரையீரல் வெந்து உயிருக்கே ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் சிறுநீரகத்தில் உட்கார்ந்துகொள்ளும். அதில் பாதி வெளியேறவே பத்து முதல் முப்பது வருடம் பிடிக்கும். புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உறுதியாக வகைப்படுத்தப்பட்டதும்கூட. துணி முகக்கவசம் கட்டிக்கொண்டு ஊதுகிறார்கள். புகைக்கு அது சல்லடை.

இன்னொன்று காற்று. ஃபேன் போட்டால் சுடர் அலையும், பொடி பறக்கும், வெள்ளித் தூள் சிதறி எடை குறையும். எடை குறைந்தால் சேதாரக் கணக்கில் கைக்காரர் தலையில்தான் விடியும். அதனால் சித்திரை வெயிலிலும் சன்னலைச் சாத்திக்கொண்டு வேலை செய்கிற பட்டறைகள் இருக்கின்றன. புகையை வெளியே இழுக்கிற எக்ஸாஸ்ட், அதுவும் தலைக்கு மேலே அல்ல, மேசைக்குப் பக்கவாட்டில் முகத்துக்கு எதிர்ப்பக்கம் இழுக்கிற மாதிரி ஒன்று இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டால், கேட்மியத்தால் வரும் நோய் தொழில்சார் நோய்ப் பட்டியலில் இருக்கிறது, சத்தத்தால் காது கெடுவதும் அதே பட்டியலில் இருக்கிறது, நஷ்டஈடு கேட்கலாம். யாரிடம்? வியாபாரி ஆசாரியிடம் கொடுக்கிறார், அவர் பற்றவைக்க இன்னொரு வீட்டுக்கு, அது பாலீஷ் போட மூன்றாவது வீட்டுக்கு. முதலாளி யார் என்று காகிதத்தில் எங்கேயும் இல்லை. பொற்கொல்லர் நல வாரியத்தில் பதிந்து வைப்பது குறைந்தபட்சம் நீங்கள் இந்தத் தொழிலாளி என்பதற்கு ஒரு சான்றாவது தரும். விசைத்தறிக்கும் தனி வாரியம் இருக்கிறது.

மறைந்திருக்கும் இன்னொரு செலவு வெள்ளி விலை. அது தாறுமாறாக ஏறும் மாதங்களில் ஆர்டர் வற்றிப்போகும், பட்டறையில் பாதிப் பேர் சும்மா உட்கார்ந்திருப்பார்கள்.

இதில் சேர்வதென்றால் பூ வைப்பது, கோப்பது, கம்பி இழுப்பது மாதிரியான வேலையில் சேருங்கள். பற்றவைக்கத்தான் வேண்டும் என்றால் பொடியில் கேட்மியம் இல்லை என்று தெரிந்துகொண்டு சேருங்கள். மாமனாரிடம் இதைக் கேட்பது கஷ்டம்தான், அதைவிடக் கஷ்டங்கள் இருக்கின்றன.

## மில், தொழிற்சாலை, ஷிப்ட் வேலை

கையில் வரும் சம்பளத்தை மட்டும் பார்த்தால் மூன்றில் இதுதான் குறைவு. அந்தத் தம்பிக்குச் சொன்ன சம்பளம் மாதம் 15,000. தறியில் அதைவிட அதிகம் வருகிறது என்பதால்தான் அவருக்குத் தயக்கம். சரி, சீட்டைப் பிரித்துப் பார்ப்போம்.

இ.எஸ்.ஐ.க்கு உங்களிடம் பிடிப்பது 0.75 சதவீதம், அதாவது 113 ரூபாய். முதலாளி கட்டுவது 3.25 சதவீதம், 488 ரூபாய். அதற்கு உங்களுக்கும் வீட்டில் உங்களை நம்பி இருப்பவர்களுக்கும் வைத்தியம், சேர்ந்த நாளிலிருந்து. சேலத்திலேயே இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே கூட்டம், காத்திருப்பு, டாக்டர் முகத்தை நிமிர்ந்து பார்ப்பதற்குள் சீட்டு எழுதிவிடுவது என்று ஆயிரம் குறை சொல்லலாம், எனக்கும் உண்டு. ஆனால் காய்ச்சலோ அறுவைச் சிகிச்சையோ வந்து படுத்தால், வருடத்தில் 91 நாள்வரை 70 சதவீதம் சம்பளம் வரும். 15,000க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 350 ரூபாய், 91 நாளைக்கு 31,850. வேலையில் அடிபட்டால் 90 சதவீதம், அதற்குக் காத்திருக்கும் காலமே கிடையாது. தறியில் படுத்தால்? முன்பணம் இன்னும் கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான்.

அடிப்படைச் சம்பளமே 15,000 என்றால் பி.எஃப்.பில் உங்களுடையது 1,800, முதலாளியுடையது 1,800. அடிப்படையைக் குறைத்துக் காட்டிப் படிகளாகப் பிரித்திருந்தால் இந்தத் தொகையும் குறையும், சேரும்போதே கேளுங்கள். இ.எஸ்.ஐ.க்கு மாதச் சம்பள எல்லை 21,000. நடுவில் சம்பளம் ஏறி அதைத் தாண்டினாலும், அந்த அரையாண்டு முடியும்வரை, அதாவது செப்டம்பர் அல்லது மார்ச் கடைசிவரை, பாதுகாப்பு தொடரும். இது தெரியாமல் அவசர அறுவைச் சிகிச்சைக்குத் தனியாரிடம் கடன் வாங்கிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி இதன் விலை. நூல் மில்லில் பஞ்சுத் தூசி. அதன் நோய்க்கு ஒரு வினோதமான அடையாளம் இருக்கிறது: வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில்தான் நெஞ்சு இறுக்கும், மறுநாள் குறைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு சேரவில்லை என்று நினைத்துக்கொள்வோம். ஆரம்பத்திலேயே தூசி இல்லாத பிரிவுக்கு மாறினால் மீளலாம், வருடக்கணக்கில் விட்டால் நுரையீரல் நிரந்தரமாகக் கெட்டுவிடும். அப்புறம் ராத்திரி ஷிப்ட். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2007இல் இரவுப் பணியைப் புற்றுநோய்க்கு வழிவகுக்கக்கூடியதாக இருக்கலாம் என்ற வகையில் வைத்தது, 2019இல் மறுபடி பார்த்தும் அங்கேயே வைத்தது. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு இருப்பவர்களுக்கு வாரத்துக்கு ஒருமுறை ஷிப்ட் மாறுவது மாத்திரை நேரத்தையே குழப்பிவிடும்.

ஒப்பந்தக்காரர் மூலம் சேர்கிறீர்கள் என்றால் இரும்பாலையாக இருந்தாலும் சரி, நூல் மில்லாக இருந்தாலும் சரி, மேலே சொன்ன நன்மை எதுவும் தானாக வந்துவிடாது. பத்து இலக்க இ.எஸ்.ஐ. எண் முதல் மாதமே கைக்கு வரவேண்டும். தங்கும் விடுதியோடு மூன்று வருடம், கடைசியில் மொத்தமாகப் பணம் என்று பெண்பிள்ளைகளைக் கூப்பிட்டால் அனுப்பாதீர்கள். கொங்குப் பக்கம் இதற்கு மங்கலமான பெயரெல்லாம் வைத்திருந்தார்கள். நடுவில் உடம்பு முடியாமல் வந்த பிள்ளைக்கு அந்த மொத்தம் கிடைக்காது.

## பைக்கில் டெலிவரி

முதலாளி இல்லை என்பது உண்மை. வேண்டாம் என்றால் போனை அணைத்துவிடலாம், முதல் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எந்த வேலையும் தராது. கடைசி இரண்டு ஆர்டரை முடித்தால்தான் இன்சென்டிவ் என்று ராத்திரி பத்தரைக்குக் காட்டும்போது அணைப்பீர்களா என்பது வேறு விஷயம்.

சேலம் சுற்றிலும் மலை வைத்த சட்டி மாதிரி ஊர். ஒரு பக்கம் சேர்வராயன், நகரமலை, இன்னொரு பக்கம் ஜருகுமலை, கஞ்சமலை. சித்திரை, வைகாசியில் ஐந்து ரோட்டிலிருந்து ஜங்ஷன் போய் வந்தாலே தலை சுற்றும். 2024இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்தது. தண்ணீர் குடித்தால் ஒன்றுக்குப் போக இடமில்லை என்று குடிக்காமலே ஓட்டுகிறார்கள், அப்புறம் கல் அடைப்பு. இடுப்பு, கழுத்து, மழையில் வழுக்கிய முட்டி என்று மற்றதெல்லாம் சொல்லவே வேண்டாம். இ.எஸ்.ஐ. கிடையாது, பெட்ரோல் உங்களுடையது, டயர் உங்களுடையது, பைக்குக்கு வயதாவதும் உங்களுடையது. இப்படி ஆப் வழியாக வேலை செய்யும் கிக் தொழிலாளர்களுக்கு 2023இல் தனி நல வாரியம் வந்திருக்கிறது, பதிவது இலவசம்.

ஆறு மாதம், ஒரு வருடம், ஒரு கடனை அடைப்பதற்கு என்று நாள் குறித்துக்கொண்டு இறங்குபவருக்கு இது சரி. நாள் குறிக்காமல் இறங்கினால் பைக்கைப் போலவே தேய்வோம்.

## ஏற்காடு: எஸ்டேட்டும் ரிசார்ட்டும்

மலையில் நல்ல காற்று, மனசுக்கு நிம்மதி, அங்கே இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள் என்று கீழே இருக்கும் நாம் சொல்லிக்கொள்கிறோம். நல்ல காற்றுதான், 1,500 மீட்டர் உயரம், வெயிலில் மயங்கி விழ மாட்டார்கள். சத்தம் இல்லை, ராத்திரி ஷிப்ட் இல்லை, காபிச் செடிக்குப் பொழுது சாய்ந்தால் வேலையில்லை. 1820களில் காக்பர்ன் கலெக்டராக இருந்த காலத்தில் காபி வந்ததிலிருந்து அந்த மலை அந்தத் தாளத்தில்தான் ஓடுகிறது.

ஆனால் மருந்து அடிப்பவர்? காபித் தண்டைத் துளைக்கும் வண்டுக்கு அடிக்கிற பூச்சிமருந்துகள் மூச்சு வழியாக மட்டும் அல்ல, தோல் வழியாகவும் உள்ளே போகும். அடித்து முடித்த சட்டையோடு வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தூக்குகிறார்கள், அந்தச் சட்டை மற்ற துணியோடு சேர்ந்து ஊறுகிறது. அதிகமாக வேர்ப்பது, வாயில் எச்சில் ஊறுவது, கண் மங்குவது, தலை சுற்றுவது எல்லாம் மருந்து உடம்பில் ஏறிய அடையாளம். வெயில் என்று விட்டுவிடக் கூடாது. மிளகு பறிக்கும் காலத்தில் சில்வர் ஓக் மரத்தில் சாய்த்த மூங்கில் ஏணி இன்னொரு ஆபத்து. காட்டெருமை, பாம்பு, அட்டை என்று மற்றதும் உண்டு. விழுந்தவரை 20 கொண்டை ஊசி வளைவு இறக்கி மோகன் குமாரமங்கலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் நேரத்தையும் மருத்துவச் செலவில்தான் சேர்க்கவேண்டும்.

1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, வைத்தியம், பிள்ளைகளுக்குக் காப்பகம் எல்லாம் எஸ்டேட் முதலாளியின் பொறுப்பு என்றது. நிரந்தரத் தொழிலாளிக்குத்தான் அது உருப்படியாகக் கிடைத்தது. பறிப்புக்கு மட்டும் நாள் கூலியாக வருபவர்களுக்கு இந்தப் பேச்சே இல்லை. ஆகவே எஸ்டேட்டை விட்டு இறங்கலாமா என்று கேட்டவருக்கு என் எதிர்க்கேள்வி: நீங்கள் நிரந்தரமா, நாள் கூலியா? நிரந்தரம், வீடு இருக்கிறது, மருந்து அடிக்கும் வேலை இல்லை என்றால், கீழே வந்து வாடகை கொடுத்துக்கொண்டு தறியிலோ மில்லிலோ நிற்பதற்கு அவசரப்படாதீர்கள். நாள் கூலி என்றால் ரிசார்ட் வேலையைப் பார்க்கலாம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் விடுதிக்கு இ.எஸ்.ஐ. உண்டு. கோடை விழாவும் சனி ஞாயிறும் முதுகை ஒடிக்கும், செவ்வாய் புதனில் மூச்சு விடலாம். தூங்க எங்கே இடம் தருகிறார்கள் என்று மட்டும் முதலில் பாருங்கள். குளிரில் ஸ்டோர் ரூம் தரையில் படுப்பவரின் முதுகு இருபத்தைந்து வயதிலேயே அறுபதாகிவிடும்.

## ஜவுளிக்கடை

ஏ.சி., சுத்தமான உடுப்பு, தூசி இல்லை. நின்றே கழியும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம்தான் நோய். ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தமே வந்துவிட்டது. நாற்காலி போட்டிருக்கிறார்கள், அதில் உட்கார்ந்தால் சூப்பர்வைசர் பார்க்கிற பார்வைக்குத் திருத்தம் வரவில்லை. அக்காவுக்குச் சொன்னது: நல்ல கடையாக இருந்து இ.எஸ்.ஐ. பிடித்தால் வேலையை விடாமல் பில்லிங், பேக்கிங் பக்கம் மாறப் பாருங்கள், கால் நரம்புக்கு அந்த இ.எஸ்.ஐ.யிலேயே வைத்தியம் பாருங்கள். தீபாவளி முடிகிறவரை பொறுக்காதீர்கள்.

## எதற்கும் போகாமல் பரீட்சைக்குப் படிப்பது

இதையும் ஒரு வழியாகப் பலர் வைத்திருப்பதால் சேர்க்கிறேன். உடம்புக்கு ஒன்றும் ஆகாது என்று நினைக்கிறோம். ஆஸ்திரியாவில் மரியந்தால் என்று ஓர் ஊர், அதுவும் ஆலையை நம்பிய நெசவு ஊர். 1930 வாக்கில் ஆலை மூடியது. ஊரில் எல்லாருக்கும் நேரம் கொட்டிக் கிடந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்தது, ஆண்கள் தெருவில் நடக்கும் வேகம்கூடக் குறைந்தது. போய் இருந்து அளந்து பார்த்து எழுதியிருக்கிறார்கள். வேலை இல்லாததும் உடம்பில் ஏறும். டி.என்.பி.எஸ்.சி.க்குப் படியுங்கள், அரை நாள் வேலை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள், எத்தனை முறை எழுதுவது என்று வீட்டில் பேசி முடித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

## ஒரே பார்வையில்

| வேலை | நிறுத்த முடியுமா | திரும்பாத சேதம் | ஆஸ்பத்திரிச் செலவு | நேரம் |
|---|---|---|---|---|
| கூலித் தறி | முன்பணம் இருந்தால் முடியாது | காது | பெரும்பாலும் நம்முடையது | 12 மணி, இரவும் உண்டு |
| சொந்தத் தறி | முடியும் | காது | நம்முடையது | நம் இஷ்டம் |
| வெள்ளிப் பட்டறை | ஆர்டரைப் பொறுத்து | சிறுநீரகம், நுரையீரல் (பற்றவைப்பவருக்கு) | நம்முடையது | சீசனில் அதிகம் |
| மில் | லீவு உண்டு | நுரையீரல் | இ.எஸ்.ஐ. | 8 மணி, ஷிப்ட் மாறும் |
| டெலிவரி | முடியும், மனசு வந்தால் | விபத்து | நம்முடையது | கணக்கே இல்லை |
| எஸ்டேட் | நிரந்தரமானால் ஓரளவு | மருந்து, ஏணி | நிரந்தரமா என்பதைப் பொறுத்தது | பகல் மட்டும் |
| ஜவுளிக்கடை | பண்டிகைக் காலத்தில் முடியாது | கால் நரம்பு | பெரிய கடையில் இ.எஸ்.ஐ. | 10 முதல் 12 மணி, நின்றபடி |

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதே, ஐந்து லட்சம் வருமே என்று சிலர் கேட்கலாம். அது பட்டியலில் உள்ள பெரிய சிகிச்சைக்கு, ஆஸ்பத்திரியில் சேர்ந்தால். வீட்டில் படுத்திருக்கும் மூன்று வாரத்துக்குச் சோறு போடாது. இ.எஸ்.ஐ. போடும். எனக்கு மில் பக்கம் தராசு சாய்வதற்கு இந்த ஒரு வித்தியாசம்தான் காரணம்.

ஆனாலும் எல்லாரும் மில்லுக்குப் போங்கள் என்று சொல்லமாட்டேன். ஆஸ்துமா உள்ளவர் நூல் மில் பக்கமே போகவேண்டாம், வேறு தொழிற்சாலை பாருங்கள். சர்க்கரைக்கு ஊசி போடுபவர் ஷிப்ட் மாறும் வேலையைத் தவிருங்கள். கைக்குழந்தை வைத்திருக்கும் பெண்ணுக்கு வீட்டில் கொலுசு கோக்கும் வேலை, பற்றவைப்பு அதே அறையில் நடக்காதவரை, மோசமில்லை. குழந்தை தவழும் தரையில் பொடி சிந்தக் கூடாது, அது முக்கியம்.

கொண்டலாம்பட்டித் தம்பிக்கு 40,000 முன்பணம் பாக்கி. ஆறு மாதம் சாயங்காலம் மட்டும் டெலிவரி, காலையில் தறி, கடனை அடைத்துவிட்டு மில் என்று அவரே ஒரு திட்டம் போட்டார். ஆறு மாதத்துக்குப் பதினாறு மணி நேர வேலை என்பது திட்டம் இல்லை, ஆக்சிடெண்ட் என்று சொன்னேன். கடைசியில் மனைவியின் இரண்டு வளையலை அடகு வைத்து முன்பணத்தைத் திருப்பிவிட்டு, மில்லில் பராமரிப்புப் பிரிவில் ஃபிட்டராகக் கேட்டுப் பார்ப்பது என்று முடிவாகியிருக்கிறது. அங்கே தூசி கொஞ்சம் குறைவு, படித்த படிப்புக்கும் ஒட்டும். அடகு வட்டி அவருக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது, எனக்கும்தான்.

சேர்வதற்கு முன்னால் அரசு ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போய்க் காதைச் சோதித்து வரச்சொன்னேன், தறியில் போனது எவ்வளவு, இனிமேல் போவது எவ்வளவு என்று பின்னால் பிரித்துக் காட்ட அந்தக் காகிதம் வேண்டும். போய்விட்டு வந்து வாட்ஸப்பில் படம் அனுப்பினார். இரண்டு காதிலும் கோடு நேராகப் போய், 4,000 வந்ததும் குழியில் இறங்கி ஏறுகிறது. "இது சரியாயிடுமாண்ணா?" என்று கீழே எழுதியிருந்தார். சரியாகாது, இதோடு நிறுத்தலாம் என்று பதில் போட்டேன். காகிதத்தை இரண்டு ஜெராக்ஸ் எடுத்து, தேதி தெளிவாகத் தெரிகிறதா என்று பார்த்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். மில்லில் சேரும் நாளில் ஒன்றை அவர்கள் ஃபைலில் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கவேண்டும்.